எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கலாமா?

பாலையடி

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வவுனியா மாவட்டத்தில் நெடுங்கேணியில் இருக்கிறோம். வளவுக்குள் ஒரு கட்டுக்கிணறு, இருபத்தைந்து அடி ஆழம், கோடையிலும் வற்றாது. தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு மாதிரி. ஆனால் சோப்பு நுரைக்காது, பருப்பு அவிய நேரம் எடுக்கும், கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். பழப்புளி போட்டு ஊறவைத்துத்தான் சுரண்டி எடுப்பேன்.

போன கிழமை பள்ளிக்கூடத்தில் பல் பார்த்த மிஸ் என்னைக் கூப்பிட்டு, "மூத்த பிள்ளைக்கு எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். மகளுக்கு ஒன்பது வயது. முன்பற்களில் மண்ணிறக் கோடுகள். அது அழுக்கு இல்லை, தண்ணீரில் உள்ள புளோரைட்டாக இருக்கலாம் என்றார். வடிவாகப் பல் தீட்டுவதில்லை என்று இரண்டு வருடமாக நான் அவளைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். அதை நினைக்க நினைக்க நெஞ்சு அடைக்கிறது.

சின்னவனுக்கு இரண்டரை வயது. அவனுடைய பால்மாவும் இந்தத் தண்ணீரில்தான். கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் கொடுக்கிறேன். அது போதாதா?

இன்னொரு விஷயம். ஃபில்டர் விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு கோப்பையில் தண்ணீர் எடுத்தார், ஒன்று எங்கள் கிணறு, மற்றது அவர் கொண்டுவந்தது. கம்பி பூட்டிய ஒரு சின்னக் கருவியை விட்டு சுவிட்சைப் போட்டதும் எங்கள் தண்ணீர் மண்ணிறமாகப் பொங்கி, சேறு மாதிரி மிதந்தது. அவருடைய தண்ணீர் அப்படியே இருந்தது. "இதைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்" என்றார். விலை ஒரு இலட்சத்துக்கு மேல், மாதத் தவணை. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. வாங்கவா?

குளக்கட்டு

தங்கச்சி, அவசரப்பட்டுக் காசைக் கொடுக்க வேண்டாம். இங்கே ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ. ஐயா ஒருவர் எழுதுவார். அவர் வரட்டும்.

கிணற்றடி

வந்துவிட்டேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக முப்பது வருடம் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் இந்த ஒழுங்கைகளில் திரிந்தவன். ஆறுதலாகச் சொல்கிறேன் பிள்ளை.

முதலில் அந்தக் கம்பி. ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் ஓடும்போது அந்த இரும்புதான் கரைந்து துருவாக மிதக்கிறது. உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை அது. கல்சியம் போன்ற உப்புகள் உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும். உப்பை எடுத்த தண்ணீரில் ஓடாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். திரும்ப வந்தால் அவருடைய கோப்பையில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுவிட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பொங்கும். பயந்த தாயிடம் இப்படிக் காட்டிக் காசு கேட்பது பெரிய பிழை.

சரி, இனித் தண்ணீர். கிருமி ஒரு பிரச்சினை, கரைந்திருக்கும் உப்புகள் இன்னொரு பிரச்சினை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கேத்திலில் படியும் வெள்ளை, காய்ச்சும்போது பிரிந்த கல்சியம். புளோரைட் அப்படிப் பிரிந்து போகாது. ஆவி போகப் போகத் தண்ணீர் குறையும், புளோரைட் அதற்குள்ளேயே நிற்கும். நீண்ட நேரம் காய்ச்சினால் செறிவு கூடத்தான் செய்யும். உரத்தாலும் மலக்குழியாலும் வரும் நைத்திரேற்றும் அப்படித்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது மிகவும் கூடாது.

புளோரைட் ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது இலங்கைத் தரம், எஸ்.எல்.எஸ். 614. உலக சுகாதார நிறுவனம் 1.5 என்கிறது. வெயில் நாட்டில் ஆட்கள் கூடத் தண்ணீர் குடிப்பார்கள், அதனால் அளவு குறைவாக இருப்பதுதான் நல்லது.

மகளின் கறை பல் தீட்டாததால் வந்தது இல்லை. முரசுக்குள் பல் உருவாகும் காலத்திலேயே பதிந்தது. எத்தனை தரம் தீட்டினாலும் போகாது. பல் வைத்தியரால் தோற்றத்தைச் சரிப்படுத்த முடியும். அவளிடம் அதைச் சொல்லுங்கள். சின்னவனுக்கு நிரந்தர முன்பற்கள் இப்போதுதான் உள்ளுக்குள் உருவாகின்றன. எட்டு வயது மட்டும் கவனம் வேண்டும். அவனுடைய தண்ணீரை இன்றைக்கே மாற்றலாம், காலம் இருக்கிறது.

எதையும் வாங்குமுன் தண்ணீரைச் சோதியுங்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் செய்யலாம். சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இரசாயனச் சோதனைக்கு துப்புரவான பிளாஸ்ரிக் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் போத்தலை அலசக்கூடாது, வாய்ப்பக்கம் விரல் படக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்கவேண்டும். பழைய சோடாப் போத்தலில் கொண்டுபோனால் போத்தலின் கிருமியைத்தான் எண்ணிக்கொண்டு வருவீர்கள்.

கரம்பைக்காடு

எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாரும் இந்தத் தண்ணீர் குடித்துத்தான் காடு வெட்டிக் கமம் செய்தார்கள். அவர்களுக்கு என்ன வந்தது? கிணற்றில் நெல்லிக்குற்றி போட்டார்கள், கலங்கினால் தேத்தாங்கொட்டை உரைத்தார்கள். அதெல்லாம் போய் இப்போது கான் தண்ணீர்.

கிணற்றடி

தம்பி, தேத்தாங்கொட்டை கலங்கலைப் படியவைக்கும், உண்மை. எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த நல்ல வழி. ஆனால் கிருமியைக் கொல்லாது, புளோரைட்டை எடுக்காது. பாட்டன் குடித்தது குளத்துக்குக் கீழே வெட்டிய ஆழமில்லாத கிணற்றுத் தண்ணீர். மழை வந்து வந்து மாறிக்கொண்டிருக்கும். இன்றைக்குப் பல வளவுகளில் குழாய்க்கிணறு கருங்கல்லைத் துளைத்துக் கீழே போகிறது. கல் வெடிப்புக்குள் நெடுங்காலம் நின்ற தண்ணீரில் கல்லின் புளோரைட் கரைந்திருக்கும். எல்லாக் கிணறும் ஒன்றில்லை, அடுத்தடுத்த வளவிலேயே வித்தியாசம் வரும்.

பாலையடி

ஐயா, நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப என்னில பிழை இல்லையா அம்மா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மாமியின் பல்லிலும் இதே கோடு. வெற்றிலைக் கறை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

குளக்கட்டு

நான் கமக்காரன். என்னுடைய பயம் பல் இல்லை, சிறுநீரகம். என் அண்ணை 51 வயதில் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். சீனி வருத்தமும் இல்லை, பிறஷரும் இல்லை, குடியும் இல்லை. வயலில் குனிந்து நிமிர்ந்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யாத மனிதன். கல்சியத் தண்ணீரால்தான் என்கிறார்கள். உண்மையா ஐயா?

கிணற்றடி

தம்பி, அண்ணையை நினைக்கக் கவலையாக இருக்கிறது.

1990களில் வட மத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சிப் பக்கங்களில் இந்த வருத்தத்தைக் கவனிக்கத் தொடங்கினார்கள். பதவியா எங்களுக்குத் தூரம் இல்லையே. காரணம் இதுதான் என்று இன்றுவரை யாரும் முடிவாக நிறுவவில்லை. கல்சியம் கூடிய கடினத் தண்ணீரும் புளோரைட்டும் சேர்வது, விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல சந்தேகங்கள். இந்தப் பயத்தில்தான் 2015இல் கிளைபோசேற் என்ற களைகொல்லியைத் தடை செய்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். கல்சியம் மட்டும்தான் என்று சொல்பவரையும் வயல் மருந்து மட்டும்தான் என்று சொல்பவரையும் நான் நம்புவதில்லை.

ஆனால் செய்யக்கூடியது உண்டு. தொடக்கத்தில் இந்த வருத்தம் வெளியே தெரியாது. நோவில்லை, காய்ச்சலில்லை. இரத்தத்தில் கிரியாற்றினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்தால்தான் தெரியும். அண்ணைக்கு வந்தபடியால் நீங்களும் கட்டாயம் பாருங்கள். வயலுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோய் இடையிடையே குடியுங்கள். கை கால் நோவுக்கு என்று கடையில் குளிசை வாங்கி நாள்கணக்கில் போடவேண்டாம், அதுவும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

முள்ளியவளைப் பிள்ளை

நான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆர்.ஓ. நிலையத்தில், அதாவது தண்ணீரை மெல்லிய சவ்வுக்குள்ளால் அழுத்தி வடிக்கும் இடத்தில், மூன்று வருடம் வேலை செய்தேன். பாலையடி அக்காவுக்கு உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

ஆர்.ஓ. புளோரைட்டையும் கல்சியத்தையும் நன்றாக எடுக்கும். எங்கள் மெஷினில் நல்ல தண்ணீர் ஒரு வாளி வந்தால் கழிவு ஒரு வாளிக்குக் கிட்ட வெளியே போகும். அந்தக் கழிவில் எல்லா உப்பும் செறிந்திருக்கும், அதைக் கிணற்றுப் பக்கம் விடவே கூடாது. மெம்பிரேன் என்ற அந்தச் சவ்வை நேரத்துக்கு மாற்றாவிட்டால் தண்ணீர் ருசி மாறாமலே உப்பு ஏறத் தொடங்கும். அதனால் வாங்கும் இடத்தில் கடைசியாக எப்போது ஆய்வுகூடத்துக்கு அனுப்பினீர்கள், அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் சுவரிலேயே ஒட்டியிருப்பார்கள்.

ஆனால் நான் கண்ட பெரிய பிழை கானில்தான். 20 லீற்றர் கானைப் பலர் கழுவாமலே கொண்டுவருவார்கள். உள்ளே பாசி பச்சையாகத் தெரியும். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரீன் மிச்சம் இல்லை, கானில் ஒரு கிருமி இருந்தால் அது பெருகும். கானை வெயிலில் வைக்காதீர்கள். கிழமைக்கு ஒருக்கால் ஒரு பிடி அரிசியும் கொஞ்சத் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்குங்கள், பாசி உரிந்து வரும். வீட்டில் குவளையைக் கானுக்குள் விட்டு அள்ளாமல் சரித்து ஊற்றுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. எடுங்கள். குளிக்க, உடுப்புத் தோய்க்கக் கிணறு போதும். புளோரைட் தோலால் உள்ளே போகாது.

முறிப்பு

இடையில் ஒரு கேள்வி. அக்கா, இரண்டரை வயதுப் பிள்ளை என்கிறீர்கள். கிணற்றுக் கட்டு எவ்வளவு உயரம்?

பாலையடி

முன்பக்கம் இடுப்பளவு. பின்பக்கம் ஷெல் விழுந்து உடைந்தது, முழங்காலுக்கும் குறைவு. போர் முடிந்து 2011இல் திரும்பி வந்தபோது கற்களை அடுக்கி விட்டதுதான். அதில் ஏறி நின்றுதான் மோட்டரின் பைப்பைப் பார்ப்போம்.

முறிப்பு

அக்கா, குறை நினைக்காதீர்கள். புளோரைட் வருடக்கணக்கில் செய்வதை அந்த உடைந்த பக்கம் ஒரு நிமிடத்தில் செய்துவிடும். நான் வயர் வேலை செய்பவன், வீடு வீடாகப் போகிறேன். தண்ணீர் நல்லதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

மோட்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். போன மாரியில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு ஐயா வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் நின்று ஓடாத மோட்டரைத் தட்டியிருக்கிறார். கை ஒட்டிப் பிடித்துவிட்டது. மனைவி ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிப்பாட்டியதால் உயிர் தப்பினார். உள்ளங்கை வெந்திருந்தது. போர்ட்டைத் திறந்து பார்த்தேன். எர்த் வயர் வெட்டி மடித்து ரேப் சுற்றியிருந்தது. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று முன்பு வந்த ஒருவர் அதையும் நேரடியாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ட்ரிப் விழுவது எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிற செய்தி. மாதம் ஒருக்கால் அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை அமத்துங்கள். விழவேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள், 30 மில்லியம்பியர் என்று எழுதியதாக வாங்குங்கள்.

எண்ணெயில் ஓடும் பம்பைத் தண்ணீர் கீழே போய்விட்டது என்று கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது, மணம் இல்லை, மயங்கியது தெரியாமலே விழுவார்கள். காப்பாற்றப் போகிறவரும் விழுவார். பம்ப் மேலேதான் இருக்கவேண்டும்.

ஒட்டுசுட்டான் வீதி

முறிப்புத் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். பயிருக்கு அடிக்கும் மருந்து வந்த கானைக் கழுவித் தண்ணீர் அள்ள வைக்காதீர்கள், எத்தனை தரம் கழுவினாலும் சரி. என் தங்கச்சியின் மகன் மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்து நான்கு நாள் வாட்டில் கிடந்தான். வாந்தி எடுக்கவைக்கப் பார்த்தோம், அது நுரையீரலுக்குள் போகும் என்று டொக்டர் ஏசினார். அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுவதுதான் சரியாம்.

வன்னிமண்

கிணற்றுக் கட்டு என்றதும் மனம் எங்கேயோ போய்விட்டது. 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் கிணற்றுக்குள் ஒரு சைக்கிள், தகரம், தையல் மெஷினின் தலை, சன்னங்கள். கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் பார்த்துச் சொல்லும்வரை கிட்டப் போக விடவில்லை. மூன்று நாள் இறைத்தோம். நான்காம் நாள் ஊறிய தண்ணீரை அம்மா கையில் ஏந்திக் குடித்தார். சோதனை, கீதனை ஒன்றும் அன்றைக்கு நினைவில் இல்லை. எங்கள் தண்ணீர் என்ற எண்ணம் மட்டும்தான். அதனால்தானோ தெரியாது, கிணற்றில் பிழை இருக்கிறது என்று யாராவது சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. கரம்பைக்காடு, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது.

கரம்பைக்காடு

ஓம் அண்ணை. அப்படித்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கக் கொடுக்கிறேன்.

பாலையடி

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். அறிக்கை வந்தது.

புளோரைட் 1.7. கடினத்தன்மை 410, எல்லை 250 என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. நைத்திரேற்று எல்லைக்குள். ஆனால் ஈ. கோலி என்ற, மலத்திலிருந்து வரும் கிருமி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாதாம். எங்கள் மலசலகூடக் குழி தூரம்தான். வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டுக் குழியை நாடா வைத்து அளந்தோம், 36 அடி. அந்த அக்காவும் வந்து நின்று அளக்க உதவினார். அவர்களும் எங்கள் கிணற்றில்தான் அள்ளுகிறார்கள்.

இப்போது குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர். அறிக்கை ஒட்டியிருக்கும் இடத்தில்தான் எடுக்கிறோம். சின்னவனுக்கு அதையும் கொதிக்கவைக்கிறேன். ஃபில்டர்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிணற்றுக்குக் குளோரீன் எவ்வளவு போடவேண்டும் ஐயா?

கிணற்றடி

நல்ல காரியம் செய்தீர்கள். குழி 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும் என்றுதான் நாங்கள் சொல்லிவந்தோம். அடுத்த குழி வெட்டும்போது அவர்கள் வளவின் மற்றப் பக்கம் வெட்டட்டும்.

கணக்குச் சொல்கிறேன். கிணறு 10 அடி அகலம், தண்ணீர் 6 அடி நின்றால் 13,000 லீற்றருக்குக் கொஞ்சம் மேல் வரும். 1,000 லீற்றருக்கு இரண்டரைக் கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். அப்படியென்றால் 33 கிராம். வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் சுண்ணாம்பு படியும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்குக் கீழே போனதும் மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். அடியில் படிந்ததைக் கிணற்றில் கொட்டவேண்டாம், கடினத்தன்மை இன்னும் கூடும். ஒரு மணித்தியாலம் யாரும் அள்ளக்கூடாது. பின்னேரம் போட்டால் காலையில் எடுக்கலாம். திறந்து கிடந்த பழைய பவுடரில் வலு இருக்காது.

இது சாதாரண நாளுக்கான அளவு. 2018 டிசம்பரில் வந்ததுபோல வெள்ளம் கிணற்றுக்குள் போனால் இது காணாது. இறைத்துவிட்டு, உங்கள் பகுதிப் பீ.எச்.ஐ. சொல்லும் அளவு போடவேண்டும்.

முள்ளியவளைப் பிள்ளை

அக்கா, மாரி வருகிறது. மழைத் தண்ணீரையும் யோசியுங்கள், அதில் புளோரைட்டும் கல்சியமும் இல்லை. 500 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 4,600 லீற்றர். சிந்துவது போக 3,500 பிடிக்கலாம். ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லீற்றர் என்றால் 5,000 லீற்றர் தாங்கி ஒருக்கால் நிரம்பினால் ஆறு மாதத்துக்கும் மேல் போகும். முதல் மழையில் கூரை கழுவுப்படட்டும், அதை வெளியே விடுங்கள். தாங்கி வாயை வலையால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

பாலையடி

வவுனியா நகரத்துக்குப் பேராற்றிலிருந்து குழாய்த் தண்ணீர் போகிறது. எங்கள் வாசலுக்கு எப்போது வரும் என்று பிரதேச சபையில் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறோம், பதினான்கு வீடு கையெழுத்து வைத்தது. அதுவரைக்கும் தாங்கி கட்டத்தான் பார்க்கிறோம். ஃபில்டருக்குக் கேட்ட தவணைக் காசில் அது நடக்கும்.

கிணற்றுக் கட்டுக்கு மேசன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இடுப்புக்கு மேலே உயர்த்தி, மேலே கம்பி வலை போடுவதாக முடிவு. அதுவரை பின்பக்கத்துக்குப் பழைய கதவு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம்.

முறிப்பு

அக்கா, வலையின் நடுவில் வாளி போகிற அளவுக்கு மட்டும் மூடி வையுங்கள், பூட்டுப் போடக்கூடிய மாதிரி. ஞாயிறு எனக்கு ஒட்டுசுட்டானில் வேலை, மத்தியானம் முடிந்துவிடும். திரும்பி வரும்போது உங்கள் மோட்டரின் எர்த் வயரைப் பார்த்துவிட்டுப் போகிறேன். காசு வேண்டாம். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மட்டும் மகளுக்கும் காட்டி வையுங்கள்.

பாலையடி

காட்டிவிட்டேன் தம்பி. கதிரை போட்டு ஏறினால்தான் கை எட்டுகிறது. அதையும் கீழே இறக்கிப் பூட்ட முடியுமா?